உம்மாவின் குடி: கரைவாகுப் பற்று விவசாயக் குடும்பங்களின் வரலாறு

நமது கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் குடும்ப வரலாறு எழுத உட்காருபவர் முதலில் தன் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளைத்தான் விரிக்கிறார். ஓர் எழுத்தில் வாப்பா வருகிறார், இன்னோர் எழுத்தில் அவருடைய வாப்பா. லெவ்வை, தம்பி, போடி, மரைக்கார் என்று முடியும் பழைய பெயர்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குத் தடையின்றிக் கிடைக்கின்றன. அந்த வரிசையில் ஓர் உம்மாவின் பெயரையும் காண முடியாது. பிறப்புப் பத்திரத்தில் ஒருமுறை எழுதப்பட்டதோடு அவர் பெயர் நின்றுவிடுகிறது. ஆனால் கரைவாகுப் பற்று உட்பட, மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையில் குடும்பங்கள் உம்மாமாரின் வழியாகவே நடந்து வந்திருக்கின்றன. வீடு அவர்களுடையது. வயலில் ஒரு பங்கு அவர்களோடு போனது. பள்ளிவாசலில் ஒருவர் எந்த வரிசையில் கணக்கெடுக்கப்பட்டார் என்பதும் அவரைப் பெற்றவளைக் கொண்டே தீர்ந்தது. பெயர்களை மட்டும் நம்பி எழுதினால் பாதிக் குடும்பம் விடுபட்டுப் போகும் என்பதை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்லிவிட விரும்புகிறேன்.

பணிக்கனா குடி, ராசாம்பிள்ளை குடி, மாலைகட்டி குடி, வரிசைநாச்சி குடி, பொன்னாச்சி குடி, லெப்பை குடி. குடி என்னும் தாய்வழிக் குலங்களின் இந்தப் பெயர்கள் வயதானவர்களுக்கு இன்றும் மனப்பாடம். பிள்ளை பிறந்தால் உம்மாவின் குடி. மகள் பெறும் பிள்ளைக்கும் அதே குடி. மகன் பெறும் பிள்ளை மருமகளின் குடிக்குப் போய்விடும். இந்தத் தாய்வழியை மட்டக்களப்புப் பகுதியில் வயிற்றுவார் என்பார்கள். ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதைப் பெரியவர்கள் விரும்பவில்லை. ஒரு வயிற்றில் வந்தவர்கள் உடன்பிறந்தவர்களுக்குச் சமம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். மாமாவின் மகன், மாமியின் மகன் என்று மச்சான் முறையில் மாப்பிள்ளை தேடியதால் இரண்டு மூன்று குடிகள் பல தலைமுறையாகத் தமக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்துக்கொண்டன. அதனால்தான் ஒரு வளவின் கதையை எழுதப் போனால் பக்கத்து வளவின் கதையும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டை உயிரோடு வைத்திருந்த நிறுவனம் பள்ளிவாசல். ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருந்தார். நிர்வாகத்தில் தன் குடிக்காகப் பேசுவது, குடிமக்களிடம் வரியும் நன்கொடையும் சேர்ப்பது, கந்தூரிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் தன் குடியின் முறை வரும்போது முன்னின்று செய்விப்பது, குடும்பச் சண்டையை வழக்காகிவிடாமல் தீர்த்துவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. யாருக்கு யார் என்ன முறை, எந்தப் பெண் எந்த வளவில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதப்படாத குடும்பப் பதிவேடு ஒன்று அவர் நினைவில் இருந்தது என்றே சொல்லலாம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் வந்த பின் நம்பிக்கையாளர்கள் பதிவுசெய்யப்பட்டார்கள், கணக்குகளுக்கு ஒழுங்கு வந்தது. குடியின் பெயரை எழுதிவைக்க மட்டும் எந்தப் படிவத்திலும் இடமில்லை. குடிமுறை தளர்ந்து, மரைக்காயரும் மறைந்தால் அந்தப் பதிவேடும் அவரோடு மையவாடிக்குப் போகிறது. இந்த இழப்பை நாம் போதிய அளவு உணரவில்லை.

நம் முன்னோர் இங்கு வந்த கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். முக்குவர், திமிலரோடு போரிட்டபோது முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றார்கள், அதற்கு நன்றியாக முக்குவப் பெண்களை மணம்செய்து கொடுத்தார்கள், அந்தப் பெண்களோடு குடியும் வந்தது என்பது மட்டக்களப்பின் வாய்வழக்கு. மற்றது போர்த்துக்கேயர் காலத்துச் செய்தி. 1626ஆம் ஆண்டளவில் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டு, அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று அது கூறுகிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை. வணிகத்துக்கு வந்தவர்கள், அடைக்கலம் தேடி வந்தவர்கள், முன்பே இங்கிருந்த பெண்கள் ஆகிய எல்லோரும் சேர்ந்த கலப்பே நாம். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. அங்கே கோயில் திருவிழாக்கள் குடிவாரியாகப் பகிரப்படுகின்றன. சில குடிப் பெயர்கள் இரு சமூகத்துக்கும் பொது. கல்முனையில் அண்டை வீட்டாராக வாழும் இரு மக்களின் பழைய உறவுக்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை.

வீட்டையும் வயலையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெண் பிறந்த வீட்டில் அவளுக்கொரு வீடு என்பதே வாப்பாவின் முதல் கவலை. காக்காமாரும் தம்பிமாரும் உழைத்து ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் வீடு கட்டி முடித்த பிறகுதான் தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டுக்கொள்வார்கள். அடுத்த மகளுக்குப் பக்கத்தில் இன்னொன்று எழும். இப்படிச் சகோதரிகளின் வீடுகள் வரிசையாக நின்று ஒரு வளவு ஒரு குடியாகிறது. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஒழுங்கைகள் நெருக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வீடும் அதனோடு சில ஏக்கர் நெற்காணியும் சீதன உறுதியால் மகளுக்குப் போயின. மரணத்துக்குப் பின் சொத்துப் பிரிக்கும்போது ஷரீஅத்தின்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான். உயிரோடு இருக்கும்போதே நன்கொடையாக எழுதிக் கொடுப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. இரண்டையும் பொருத்திக்கொண்டு நம் மூத்தவர்கள் பெண்பிள்ளைகளுக்கு நிலத்தில் காலூன்ற வழி செய்தார்கள். ஆனால் வட்டை என்னும் வயல்வெளியில் எல்லாம் ஆண்களின் பெயராலேயே நடந்தது. வயலுக்கு உடையவர் போடியார், வயலைச் செய்விப்பவர் முல்லைக்காரர், தண்ணீரைப் பங்கிடுபவர் வட்டவிதானையார். ஒரு போடியாரின் காணி என்று ஊர் சொன்ன வயலின் உறுதியைப் பிரித்துப் பார்த்தால், பல இடங்களில் அது அவர் மனைவியின் சீதனமாக இருக்கும்.

கல்லோயாத் திட்டம் இந்த ஒழுங்கை மாற்றியது. கல்லோயா என்னும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் வேலை 1949இல் தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரம் உருவானது, இரண்டு போகத்துக்கும் நீர் வந்தது, புதுக் குடியேற்றங்கள் எழுந்தன, மக்கள் தொகையின் முகமே மாறியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. குடும்ப வரலாற்றுக்கு முக்கியமானது வேறொன்று. அரச காணி பெர்மிட் என்னும் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டது. அதை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரிமையாளர் வாரிசை நியமிக்காமல் இறந்தால் மகள்மாருக்கு முன் மகன்மாரை வைத்தது. அந்த ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது. எனவே ஒரே குடும்பத்தில் பழைய வயல் மகள்மார் வழியிலும், பெர்மிட் காணி மகன்மார் வழியிலும் இறங்கின. இரண்டு கிளைகளையும் தொடராமல் அந்தக் குடும்பத்தின் கதை விளங்காது.

பின்னர் வந்த போர்க்காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தங்கள் தங்கள் வயல்களுக்குப் போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வளவுகள் அத்திவாரத்தோடு போயின. உறுதிகளும் போயின, அவற்றை வாயால் சொல்லக்கூடிய மூத்த பெண்களும் போய்விட்டார்கள். பிறகு கொடுக்கப்பட்ட வீடுகளுக்குக் குடும்பத் தலைவர் என்று பதிவேட்டில் ஓர் ஆணின் பெயரை எழுதுவதே வழக்கமாயிற்று. சகோதரிகள் ஒரே வளவில் இருந்த நிலை போய், ஒருத்தி மாடிக் குடியிருப்பில், ஒருத்தி வயலோரக் குடியேற்றத்தில் என்று பிரிந்தார்கள். உம்மாவின் வீடாக இருந்தது கணவனின் வீடானது. இழந்தவர்களுக்குக் கூரை கிடைத்தது பெரிய காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் பல தலைமுறை நின்ற பெண்ணுரிமை ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தில் கைமாறியது எனக்கு இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

இப்படிச் சிதறியவற்றை எழுதிவைக்க வழி தேடினால், வம்சவரலாறு எழுதுவதில் சுவிட்சர்லாந்துக்காரரை ஒரு முன்மாதிரியாகச் சொல்லலாம். 1845இல் வறுமையால் கிளாறஸ் மலைநாட்டை விட்டுப் புறப்பட்ட விவசாயிகள் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நியூ கிளாறஸ் என்ற ஊரை அமைத்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தாயகத்துக்குப் போனால் தங்கள் கொடிவழியைப் பல நூற்றாண்டு பின்னால் வரை படிக்கலாம். குப்லி-முல்லர் என்ற ஒருவர் தேவாலயப் பதிவுகளைக் கொண்டு கிளாறஸ் குடும்பங்கள் அனைத்தையும் தன் ஆயுளெல்லாம் எழுதிவைத்தார். அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் பூர்வீக ஊர் ஒன்று பதிவில் உண்டு, அது தகப்பன் வழியில் வந்தது. மணமான பெண்ணைக் கணவனின் ஊருக்கு மாற்றி எழுதினார்கள். நம்மிடம் ஆண்தான் பெண்ணின் வளவுக்குப் போனார். அவர்களுடைய விடாமுயற்சியை நாம் எடுத்துக்கொள்ளலாம். படிவத்தை நாமே வரைய வேண்டும்.

அந்தப் படிவத்தில் முதல் வரி உம்மாவின் பெயரும் குடியும். அடுத்த வரி உம்மம்மா, அதற்கும் மேலே அவருடைய உம்மா. ஒவ்வொருவருக்கும் எதிரே மணம் முடிந்து வந்தவர் எந்த ஊர், எந்தக் குடி என்று எழுதுங்கள். வளவு எந்த ஒழுங்கையில் இருந்தது, சீதனமாக வந்த வயல் எந்த வட்டையில் எத்தனை ஏக்கர், பெர்மிட் காணி யாருக்கு இறங்கியது என்பதையும் சேருங்கள். உறுதி எஞ்சியிருந்தால் அதன் இலக்கமும் திகதியும் வேண்டும். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். எண்பது வயதைத் தாண்டிய பெண்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் முதலில் பெண்களின் பெயர்களைக் கேளுங்கள், ஆண்களின் பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன.