அரசு தொடாத பாடசாலைகள்

இலங்கையில் சமயமே கல்வியை ஆண்டது என்பது பாதி உண்மைதான். ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தால் மறுபாதி தெரியும். அரசு உதவிபெற்ற மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 1961 சட்டங்களின் வழியே அரசாங்கம் பொறுப்பேற்றது. பௌத்தர் பெரும்பான்மையான நாட்டில் கல்வி திருச்சபைகளின் கையில் இருக்கலாமா என்பதே அன்றைய வாதம். இந்தியா வேறு வழியில் போனது. முழுக்க அரசு செலவில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது என்கிறது அதன் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. சிறுபான்மையினர் தம் பள்ளிகளைத் தாமே நடத்த 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. இலங்கையிலோ 1972 முதல் அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம்.

மிஷன் பாடசாலைகள் மதமாற்றத்துக்கும் துணைபோயின, ஆகவே பொறுப்பேற்றது நியாயமே என்பார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு அதனால் வழி பிறந்ததை மறுக்க முடியாது. ஆனால் பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை மலைகளில் தோட்ட நிர்வாகங்கள் நடத்திய பாடசாலைகளை அந்த மாற்றம் எட்டவில்லை. பலவற்றில் ஒரே கூடம், ஓர் ஆசிரியர், ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிவு. அங்கு படித்தோர் பெரும்பாலும் இந்துப் பிள்ளைகள். அவர்களைப் பின்தள்ளியது சமயமல்ல. 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்கும் பறிபோன இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான பெற்றோருக்கு அரசை நெருக்கும் பலம் இல்லாததே. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் ஏற்கத் தொடங்கியது 1970களில்தான், தோட்டங்களே அரசுடைமையான பிறகு.