கடற்கரையில் கம்பளம்

முத்துக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடியில் கம்பளத்தைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கம்பளம் இக்கரையிற் பிறந்த பொருளன்று. விருந்தாக வந்த பொருள். விருந்தினரின் இயல்பறிந்து போற்றுதல் நம் மரபு. கம்பளத்தினிடத்தில் அம்மரபை நாம் காத்தோமா என்பதே இன்று நான் ஆராய விரும்பும் கேள்வி.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முத்துக்குளி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்கே அரசனும் பெருமக்களும் தரையிலேயே அமர்வதைக் குறித்து வைத்தார். மண்ணிலிருந்து தோன்றி மண்ணுக்கே திரும்புகிறவர்களுக்கு மண்ணில் அமர்வதே பெருமை என்று அவருக்கு விடை கிடைத்ததாம். வெப்பம் மிகுந்த நாட்டில் குளிர்ந்த தரையும், அதன்மேல் ஒரு பத்தமடைக் கோரைப்பாயும் போதுமானவை அல்லவா? நம் மாவட்டத்து வேம்பூர் ஆட்டுக்கும் குட்டை மயிரே உண்டு; கத்தரித்து நூற்கும் கம்பளி இல்லை.

எனினும், தமிழர் மயிர்நூல் நெசவை அறியாதவரல்லர். மதுரையின் அறுவை வீதியில் பருத்தி, மயிர், பட்டு ஆகிய மூன்றினாலும் நெய்த துணிகள் அடுக்கப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகிறது. பிற்காலத்தில் வடஆர்க்காட்டு வாலாஜாபேட்டை கம்பள விரிப்புக்குப் பெயர்பெற்றது. வணிகம் வளர வளரத் துறைமுக நகரச் செல்வர் வீட்டுக் கூடங்களிலும் கம்பளம் இடம்பெற்றது.

இனி, சலவைக்கு வருவோம். களர்நிலத்துக் கிணற்றைத் தோண்டி அந்நீரில் ஆடை வெளுத்த பெண்ணைப் புறநானூறு காட்டுகிறது. உவர்மண்ணிலே தோய்த்து வெள்ளாவியில் வேகவைப்பது அக்கலையின் தொடர்ச்சி. உவர்மண்ணில் உள்ள காரம் அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் கரைத்துவிடும். பருத்தி செடியிற் பிறந்தது. அந்தக் காரத்தையும் கொதியையும் தாங்கும். கம்பளியோ விலங்கின் உடலிற் பிறந்தது. நம் தலைமயிரும் நகமும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருளால் ஆயது. வகுப்பறையில் நான் இரு நூல்களைக் கொளுத்திக் காட்டுவதுண்டு. பருத்தி காகிதம்போல் எரியும்; கம்பளி மயிர் கருகும் நாற்றம் வீசும். அந்நாற்றமே அதன் பிறப்புச் சான்று.

காரம் கம்பளியை அரித்துவிடும். வெந்நீரில் இட்டுக் கசக்கினால் அதன் இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்; விரிப்பு சுருங்கித் தடித்துப் போகும். வணிகர் ஒருவர் வீட்டில், பாட்டனார் காலத்துக் கம்பளத்தைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து வெந்நீரில் மிதித்தார்கள். கறை போயிற்று, கம்பளமும் போயிற்று. செய்தவர் சோம்பேறியல்லர்; பருத்திக்கு உரிய உழைப்பைக் கம்பளிக்குச் செலவிட்டார், அவ்வளவே. முத்தின் நிலை இதற்கு நேர்மாறு. புளிப்பில் இட்டால் முத்துக் கரையும். காரத்தில் இட்டால் கம்பளி கரையும்.

சாயத்தின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. மன்னார் வளைகுடாவின் கரைமணலில் விளையும் சாயவேர், படிகாரத்தோடு சேர்ந்து பருத்திக்கு அழியாச் சிவப்பைத் தந்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில் முத்தும் சங்கும் போலச் சாயவேரும் இக்கடலோர வணிகத்தில் இடம்பெற்றிருந்தது. கம்பளிக்கு அரக்குச் சிவப்பும் அவுரி நீலமும் உதவின. 1856இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் கண்டார். 1868இல் சாயவேரிலும் உள்ள அலிசரின் என்னும் செம்பொருளையே ஜெர்மானிய அறிஞர் செயற்கையாக ஆக்கினர். சாயவேர் தோண்டுவோர் பிழைப்பு நலிந்தது. தொடக்கக் காலச் செயற்கைச் சாயங்களிற் பல வெயிலில் மங்கின, நீரிற் கசிந்தன. ஆகவே, பழங்கம்பளத்தை நனைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்த்தல் வேண்டும். துணியிற் சாயம் ஏறினால் அதனை நனைக்கலாகாது.

கறை பட்டவுடன் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தல் முதற்கடமை. பின்னர்க் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றலாம். கழுவியே தீரவேண்டுமாயின் நம் பாட்டிமார் பட்டுக்கும் கம்பளிக்கும் வைத்திருந்த பூவந்திக்கொட்டை இருக்கிறது. அதன் நுரையிற் காரமில்லை. நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துக. உப்புக்காற்றின் ஈரம் நீங்காத கம்பளத்தைச் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பற்றும். உணவுக் கறையும் வியர்வையும் படிந்த கம்பளியை இருட்டில் வைத்தால் அந்துப்பூச்சியின் புழு அங்கே குடியேறும். ஆதலால், தூசி தட்டித் தூய்மை செய்தபின்னரே பெட்டியில் வைத்தல் நன்று.

பூவந்திக்கொட்டை நம் வீட்டிலேயே இருந்தது. விருந்தினரின் இயல்பைக் கேட்டறியத்தான் நாம் தவறினோம். அழுக்கைப் போக்க வலிமை போதும். பொருளைக் காத்து அழுக்கைப் போக்க அதன் பிறப்பை அறிந்திருத்தல் வேண்டும்.