ஆய்வு

கீரைக்கட்டைப் பிரித்து, பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் கழித்து நல்லதை எடுப்பது ‘கீரை ஆய்தல்’. யாழ்ப்பாணத்தில் பூவும் காயும் பறிப்பதுகூட ஆய்தல்தான். இந்த ‘ஆய்’ என்னும் வினையிலிருந்து வந்ததே ஆய்வு. தொல்காப்பிய உரியியல் ஆய்தலுக்குத் தரும் பொருள் நுணுக்கம். உள்ளது மேலும் நுண்ணிதாவது. ஆராய்ச்சியும் இதே குடும்பம்.

1854இல் லண்டன் சோகோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்தது, சொல்லின் பழைய பொருளுக்கே பொருந்தும். இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடுவீடாக விசாரித்து, பிரித்துப் பிரித்துப் பார்த்து, பிராட் தெரு அடிகுழாயில் வந்து நின்றார்.

இன்று இச்சொல்லுக்கு வேலை அதிகம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது மறுஆய்வு. ரத்த மாதிரி போவது ஆய்வகத்துக்கு. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு. சங்கடம் ஒன்று உண்டு: காவல் நிலையத்தில் இருப்பவரும் ஆய்வாளர், கொசுப்புழு தேடி வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கும் சுகாதாரத் துறைக்காரரும் ஆய்வாளர், பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் ஆய்வாளர். கடைசியாகச் சொன்னவரை ‘ஆராய்ச்சியாளர்’ என்று எழுதினால் குழப்பம் குறையும்.