மடிக்கணினி வைஃபை: ஒரு தடுமாற்றத்தின் வரலாறு

மடிக்கணினியில் வைஃபை திணறும்போது சொல்லப்படும் கைவைத்தியங்கள் பலருக்கும் அத்துப்படி: ரவுட்டரை அணைத்துப் போடு, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார், சேனலை மாற்று, 5 கிகாஹெர்ட்ஸில் இணை, யூஎஸ்பியில் செருகியிருப்பதைப் பிடுங்கு. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. வைஃபை என்பது உரிமம் வாங்காமல் எல்லோரும் புழங்கும் அலைவரிசையில் இயங்குவது. அதன் கோளாறுகளில் பெரும்பகுதி, அந்தப் பொது இடத்தைப் பலரும் பங்குபோட்டுக்கொள்வதால் வருவது.

ஹவாயில் தொடக்கம்

பல கணினிகள் ஒரே அலைவரிசையில் பேசும் முறையை 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் செயல்படுத்தியது. நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் உருவான அலோஹாநெட், வெவ்வேறு தீவுகளில் இருந்த வளாகங்களை ஹொனலூலுவின் மையக் கணினியோடு வானொலி அலைகளால் இணைத்தது. அனுப்ப ஏதாவது இருந்தால் உடனே அனுப்ப வேண்டும். சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால் குத்துமதிப்பாகச் சிறிது நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விதி. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு செய்திகளும் பாழாகும். இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் பயன்படும் என்று கணக்கு காட்டியது.

யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசினால் மோதல் குறையும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருப்பதை 1975இல் ஃபூவாத் டோபாகியும் லெனர்ட் கிளைன்ராக்கும் விளக்கினார்கள். நடுவில் இருக்கும் நிலையத்துக்கு இரண்டு பக்கத்துக் கணினிகளும் கேட்கும். ஆனால் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று கேட்காததால் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்ளும். கூடத்தில் ரவுட்டர் இருக்க, வீட்டின் இரு கோடிகளில் இரண்டு மடிக்கணினிகள் இயங்கும்போது நடப்பது இதுவே. சிக்னல் கோடுகள் நிறைவாகத் தெரிந்தும் வேகம் வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அடுப்போடு பங்கிட்ட அலைவரிசை

ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் மைக்ரோவேவ் அடுப்புக்கு 1945இல் காப்புரிமை கேட்டார். 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2,450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதி அவற்றில் ஒன்று. அடுப்பும் பிற கருவிகளும் இரைச்சலைக் கொட்டும் அந்தப் பகுதி தகவல்தொடர்புக்கு உதவாத குப்பைமேடாகவே கருதப்பட்டது.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்கஸ் இதை வேறு விதமாகப் பார்த்தார். சிக்னலை அகலமாகப் பரப்பி அனுப்பும் இராணுவ உத்தியைக் கையாண்டால் இரைச்சலுக்கு நடுவிலும் தகவலைக் கொண்டுசேர்க்கலாம் என்பது அவர் தரப்பு. 1985 மே மாதத்தில் ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது: பிறருக்குத் தொல்லை தரக்கூடாது, பிறர் தொல்லையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அடுப்பு ஓடும்போது வைஃபை தள்ளாடினால் யாரிடமும் புகார் செய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

அடுப்பின் தொல்லை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வழக்கமான அடுப்பில், மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் பாதி நேரமே இயங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. அதில் ஏறக்குறைய 10 மில்லிவிநாடி இரைச்சல், மீதி அமைதி. 1,500 பைட் கொண்ட தகவல் பாக்கெட் விநாடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் ஒரு மில்லிவிநாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். அமைதியான இடைவெளியில் பல பாக்கெட்டுகள் தப்பிவிடலாம். ஆனால் இரைச்சலில் சில தொலைந்ததும், ரவுட்டர் தூரத்தில் இருக்கிறது என்று மடிக்கணினி எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். 1 மெகாபிட்டுக்கு இறங்கினால் அதே பாக்கெட்டுக்கு 12 மில்லிவிநாடி வேண்டும். அது 10 மில்லிவிநாடி இடைவெளிக்குள் அடங்காது. தப்பிக்கச் செய்த ஏற்பாடே இணைப்பை முடக்கிவிடும்.

தரநிலையும் மூன்று சேனல்களும்

நெதர்லாந்தில் இயங்கிய என்சிஆர் நிறுவனப் பிரிவு, கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க வேவ்லேன் கருவியை உருவாக்கியது. அங்கிருந்த விக் ஹேஸ், ஐஇஇஇ அமைப்பில் 802.11 குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1997இல் வைஃபைக்கு அடிப்படையான முதல் தரநிலை வெளிவந்தது. வேகம் 1 அல்லது 2 மெகாபிட். கேட்டுவிட்டுப் பேசுவது, குத்துமதிப்பாகக் காத்திருப்பது, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் பெறுவது என்று ஹவாயிலும் அதன்பின்னும் கற்ற பாடங்கள் அதில் இடம்பெற்றன. 1999இல் வந்த 802.11பி, வேகத்தை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், இணையத்தில் இருந்த ஐபுக் மடிக்கணினியை ஒரு வளையத்துக்குள் நுழைத்துக் காட்டி, கம்பி எதுவும் இல்லை என்பதை நிரூபித்தார். 2003இல் இன்டெலின் சென்ட்ரினோ சில்லுத் தொகுப்பு வந்தபின் வைஃபை மடிக்கணினியின் இயல்பான உறுப்பாயிற்று.

2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ், 802.11பி சேனல் ஒன்றின் அகலம் 22 மெகாஹெர்ட்ஸ். சேனல் எண்கள் பல இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் 1இலும் 6இலும் இருப்பதைப் பார்த்து நடுவில் உள்ள 3ஐத் தேர்ந்தெடுப்பது தவறு. ஒரே சேனலில் இருந்தால் இரண்டு ரவுட்டர்களும் ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துப் பேசும். பாதி ஏறி நின்றால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சல்.

802.11 எல்லோருக்கும் சமவாய்ப்பு தந்தது. ஆனால் அந்தச் சமம் நேரத்தில் அல்ல, முறையில். 2003இல் பிரான்ஸின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் இதன் விளைவைக் காட்டினார்கள். தூரத்தில் 1 மெகாபிட்டில் தவழும் ஒரு மடிக்கணினி தன் முறை வரும்போது நெடுநேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் 11 மெகாபிட்டில் இருப்பவையும் அதன் வேகத்துக்கு இறங்கும். வீட்டின் மூலையில் இருக்கும் ஒரு பழைய கருவியை அணைத்ததும் மற்றவை விறுவிறுப்படைவது இதனால்தான்.

எதிரொலி துணையான கதை

சுவரில் பட்டுத் தெறிக்கும் அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று குழப்பும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓவில் வானொலி வானியலில் தேர்ந்த ஜான் ஓசலிவனின் குழு, தகவலைப் பல மெல்லிய அலைகளாகப் பிரித்து அனுப்பி இக்குழப்பத்தைக் குறைக்கும் முறைக்கு 1992இல் காப்புரிமை கோரியது. அவ்வகை உத்தியோடு 1999இல் 802.11ஏ, 2003இல் 802.11ஜி வந்தன, இரண்டின் வேகமும் 54 மெகாபிட்.

பொள்ளாச்சியில் பிறந்து இந்தியக் கடற்படையில் சோனார் கருவிகளை உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், ஸ்டான்ஃபோர்டில் அடுத்த படியைக் கண்டார். பல ஆண்டெனாக்களை வைத்தால், தெறித்து வரும் அலைகளைத் தனித்தனிப் பாதைகளாகவே பயன்படுத்தலாம் என்பது அவர் கருத்து. அங்கிருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. மிமோ எனப்படும் இம்முறையை 2009இல் 802.11என் தரநிலை ஏற்றது. மடிக்கணினித் திரையின் விளிம்புக்குள் இரண்டு மூன்று ஆண்டெனாக்கள் ஒளிந்திருப்பது இதற்காக. பழுதுபார்க்கத் திறந்தபின் அவற்றில் ஒரு கம்பி மாட்டப்படாமல் போனாலும் இணைப்பு கிடைக்கும். வேகமும் எட்டும் தூரமும் குறையும். உறையின் உலோகமும் கணக்கில் வரும்: 2001இல் டைட்டானியம் உறையோடு வந்த ஒரு மடிக்கணினி, சிக்னல் பிடிக்காததற்கே பெயர்பெற்றது.

இவை புழங்கும் அலைவரிசைகள் இந்தியாவில் பின்னரே திறந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2005 ஜனவரியில் உரிம விலக்கு கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய, அடுப்பின் தொல்லை இல்லை. ஆனால் செங்கல்லையும் கான்கிரீட்டையும் அது சிரமப்பட்டே கடக்கும். அதன் ஒரு பகுதி ரேடார்களுக்கும் உரியது. ரேடார் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். இணைப்பு திடீரென அறுந்து சிறிது நேரத்தில் திரும்புவதற்கு இது ஒரு காரணம்.

உள்ளிருந்தே வந்த இடையூறுகள்

2012இல் இன்டெல் வெளியிட்ட ஓர் ஆவணம், யூஎஸ்பி 3.0 கம்பிகளும் செருகிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்புவதை அளந்து காட்டியது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவது இந்த வகை. மின்கலத்தைச் சேமிக்க வைஃபை அட்டை இடையிடையே தூங்குவதும் தாமதம் தரும். 1997 தரநிலையிலேயே அதற்கு இடம் இருந்தது.

எல்லாத் தாமதமும் காற்றில் நிகழ்வதல்ல. 2010இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பை ஆராய்ந்தபோது, கருவிகளில் அளவுக்கு மீறி வைத்த தற்காலிக நினைவகத்தில் பாக்கெட்டுகள் வரிசைகட்டித் தேங்குவதைக் கண்டு, அதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மற்றவரின் வீடியோ அழைப்பு உறைவது இதன் அறிகுறி. இதைச் சீராக்க 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் முறையை வெளியிட்டார்கள்.

காற்றையும் கம்பியையும் பிரித்தறிய உதவுவது 1983இல் மைக் மூஸ் எழுதிய பிங் என்னும் சிறு நிரல். முதலில் ரவுட்டருக்கே பிங் அனுப்ப வேண்டும். பதில் சில மில்லிவிநாடியில் சீராக வந்தால் வைஃபை நலம். கோளாறு ரவுட்டருக்கு அப்பால், இணையச் சேவையில். பதில் தாறுமாறாக வந்தால் கோளாறு காற்றில். ரவுட்டரின் அருகே போனதும் சரியானால் தூரமும் சுவரும் காரணம். அருகிலும் சரியாகாமல் 5 கிகாஹெர்ட்ஸில் சரியானால் நெரிசலோ இரைச்சலோ காரணம். எங்கும் சரியாகாமல், அதே இடத்தில் வேறு கருவி நன்றாக ஓடினால், டிரைவர், மின்சேமிப்பு அமைப்பு, ஆண்டெனா என்று மடிக்கணினிக்குள் தேட வேண்டும்.

2020இல் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்ஸில் 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றித் திறந்தது. பழைய கருவிகள் எதுவும் அங்கே நுழைய முடியாது என்பதால் நெரிசல் குறைவு. ஆனால் கேட்டுவிட்டுப் பேசு, பதில் வராவிட்டால் பொறுத்து அனுப்பு என்ற விதி அங்கும் உண்டு.