மேடையும் பந்தியும்: யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் கூட்டங்கள் குறித்த ஒரு நோக்கு

ஒரு கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மேடையையே நோக்குவர். யார் தலைமை தாங்கினார், யார் பேசினார், எத்தீர்மானம் நிறைவேறியது என்பனவே ஏடுகளில் எஞ்சுவன. கேட்டிருந்தோர் எவ்வாறு அமர்ந்திருந்தனர், வாங்கிலா, பாயிலா, வெறுந்தரையிலா, யாருக்கு அருகில் யார் இருந்தார், கூட்டம் கலைந்தபின் யாருடன் யார் உண்டார் என்னும் வினாக்களை எழுப்புவார் மிகச் சிலர். யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றைப் பொறுத்தவரை இவ்வினாக்களே முதன்மை வாய்ந்தவை. மேடையில் எதையும் பேசலாம் என்று பொறுத்துக்கொண்ட ஒரு சமூகம், பந்தியில் யாருடனும் இருக்கலாம் என்பதைப் பொறுத்துக்கொள்ள ஆயத்தமாயிருக்கவில்லை.

1924ஆம் ஆண்டின் இறுதியில் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாறி, முப்பதுகளின் இறுதியளவில் ஓய்ந்துபோன இயக்கத்தை 1931ஆம் ஆண்டுத் தேர்தற் பகிஷ்கரிப்பைக் கொண்டே மதிப்பிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்பகிஷ்கரிப்பை வியந்தோரும் உளர். தமிழர் அரசியலுக்கு நேர்ந்த பெருங்கேடு என வைதோரும் உளர். இரு சாராரும் அவ்வியக்கத்தின் ஆண்டுக் கூட்டங்களை அரசியலுக்கான தோற்றுவாயாக மட்டுமே கண்டனர். அக்கூட்டங்களையே அவ்வியக்கத்தின் தலையாய செயலாகக் கொண்டு நோக்கின், அதன் பெருமையும் குறையும் வேறு வகையாகத் தோன்றும்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கூட்டங்கூடிப் பேச்சுக் கேட்டல் புதியதன்று. மிஷனரிமாரின் போதனை முறையைக் கண்டு, அதனைச் சைவத்துக்கு ஆக்கிக்கொண்ட ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். தமிழ் உரைநடையின் வளர்ச்சியோடு அப்பிரசங்க மரபுக்குள்ள தொடர்பை இலக்கிய மாணவர் நன்கறிவர். ஆயின், கோயில் மண்டபத்தில் நிகழ்ந்த பிரசங்கத்தைக் கேட்கும் உரிமை எல்லோர்க்கும் இருந்ததில்லை. கோயிலுள் நுழைய இயலாதவன் பிரசங்கத்துள்ளும் நுழைய இயலாதவனாகவே இருந்தான். தேவாலயங்களில் நிலை சற்றே வேறெனினும், அங்கும் சாதி வாயிலிலே செருப்போடு கழற்றி வைக்கப்படவில்லை. மதஞ்சாராத பொதுமேடை ஒன்று தோன்றும்வரை, எல்லோரும் ஒருங்கிருந்து கேட்கும் கூட்டம் என்பது யாழ்ப்பாணத்தில் எண்ணத்தளவிலும் அரிதாகவே இருந்தது.

அத்தகைய மேடையைத் தந்தவர்கள் பெரும்பாலும் இளம் ஆசிரியர்களும் மாணவர்களுமே. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம் (1899–1977) அவர்களுள் முதல்வர். பின்னாளில் ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபராகப் புகழ்பெற்ற ‘ஒறேற்றர்’ சுப்பிரமணியம், கல்வியாளர் கே. நேசையா, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதற் பேராயரான எஸ். குலேந்திரன் ஆகியோரும் அவ்வணியைச் சேர்ந்தோரே. சைவரும் கிறிஸ்தவரும் கலந்த இக்கூட்டுறவே அக்காலத்தில் ஒரு செய்தியாக இருந்தது. நாவலர் காலந்தொட்டு இரு சமயத்தாரும் துண்டுப் பிரசுரங்களால் ஒருவரையொருவர் தாக்கி வந்த ஊரில், கிறிஸ்தவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சுயராச்சியமும் சுதேச உடையும் தாய்மொழிக் கல்வியும் பேசியபோது சைவ ஆசாரம் பேணியோர் ஐயுற்றதில் வியப்பில்லை. அந்த ஐயம் காலத்தால் தீர்ந்தது என்பதற்கு ஒரு சான்றே போதும்: யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்பித்த பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார்.

முதலாவது ஆண்டுக் கூட்டம் 1924 டிசம்பரில் யாழ்ப்பாண நகரின் றிட்ஜ்வே மண்டபத்தில் நிகழ்ந்தது. 1896 முதல் 1903 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த ஒருவரின் பெயர் தாங்கிய மண்டபத்திலே சுதேசியம் பேசப்பட்டமை காலத்தின் குறும்பு எனலாம். தலைமை தாங்கியவர் ஜே. வி. செல்லையா. பத்துப்பாட்டை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1946இல் வெளியிட்ட அப்பெரியார், அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன்னர் இம்மேடையில் இளைஞர்க்குத் துணைநின்றார் என்பதைத் தமிழ் பயில்வோர் மறத்தலாகாது. அடுத்து வந்த கூட்டங்களுக்குத் தலைமைதாங்கியோருள் கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அதிபர் பி. டி. எஸ். குலரத்தினாவும் சுவாமி விபுலாநந்தரும் இருந்தனர். பௌத்த சிங்களக் கல்வியாளர் ஒருவரும், மட்டக்களப்பு நாட்டிலிருந்து வந்து துறவு பூண்ட தமிழறிஞர் ஒருவரும் ஒரே மேடைக்கு அழைக்கப்பட்டமை தற்செயலன்று. இனம், மதம், பிரதேசம் என்னும் வேலிகளுள் ஒவ்வொன்றையும் ஒவ்வோராண்டும் தாண்டிக் காட்டுவதே அவ்வழைப்புகளின் உட்கருத்தாயிருந்தது. வேலிகளுக்குப் பெயர்போன யாழ்ப்பாணத்தில் இது சிறிய செயலன்று.

நகரத்து மண்டபத்தோடு நில்லாமல் கீரிமலையிலும் காங்கிரஸ் கூடியது. கடலோரத்து நன்னீர்க் கேணியும் நகுலேஸ்வரமும் அமைந்த அத்தலம், ஆடியமாவாசையிலே பிதிர்க்கடன் செய்வோர் திரளும் இடம். அங்கே சமயச்சார்பற்ற மகாநாட்டைக் கூட்டியவர்கள் மதத்தை இகழும் நோக்கினரல்லர். மக்கள் திரளும் இடத்தின் மரபுவழிப் பெருமையைப் புதியதொரு தேவைக்கு வாங்கிக்கொண்டனர் என்பதே பொருந்தும்.

இனி, அமர்தலுக்கும் உண்ணலுக்கும் வருவோம். அந்நாளைய யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இடமே இல்லாதிருந்தது ஒரு நிலை. இடம் கிடைத்தாலும் மற்றையோர் வாங்கில் இருக்க அவர்கள் நிலத்தில் இருக்கவேண்டியிருந்தது மற்றொரு நிலை. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே கரும்பலகை. ஆனால் இருக்கை வேறு. அவ்விருக்கை நாள்தோறும் கற்பித்த பாடம், கரும்பலகையில் எழுதப்பட்ட எப்பாடத்தையும்விட ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆசிரியர்களே நிறைந்த காங்கிரஸ் இதனை நன்குணர்ந்திருந்தது. சமாசனம், சமபோசனம் என்னும் இரு சொற்களும் இவ்வியக்கத்தின் வழியாகவே படித்தோர் நாவில் பழகின. தீண்டாமையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றுதல் எவர்க்கும் எளிது. சாதிப் பெயர் கேளாது பந்தியிருத்தல் அவ்வாறன்று. உண்டவன் அன்று மாலையே தன் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகவேண்டும். தாயும் பாட்டியும் கேட்கும் கேள்விக்கு எந்த மகாநாட்டுத் தீர்மானமும் விடையாகாது. அவ்விளைஞர்களின் துணிவை அளக்க விரும்புவோர் அவர்களது பேச்சுகளை விடுத்து அவ்வீட்டு வாயிலிலே நின்று அளத்தல் வேண்டும்.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் அம்மாத இறுதியில் யாழ்ப்பாணத்திற் சில நாட்கள் தங்கினார். அவரை யாழ்ப்பாணத்துக்கு வரவழைப்பதில் மாணவர் காங்கிரஸ் முன்னின்றது. கதரும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் அவருடைய பேச்சுகளின் பொருளாயின. கதர் நிதிக்குத் தாராளமாக ஈந்த அதே கைகள் தீண்டாமை ஒழிப்புக்கு எவ்வளவு ஈந்தன என்பதற்குப் பின்வந்த இரண்டு மூன்று ஆண்டுகளே சாட்சி. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருத்தல் வேண்டும் என 1929இல் அரசாங்கம் பணித்தபோது குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பு கடுமையாயிருந்தது. பணிப்பை மீளப்பெறுமாறு விண்ணப்பங்கள் சென்றன. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. காந்தியின் ஊர்வலத்தைக் கண்டு களித்த அதே ஊர்களுக்கு அயலிலேதான் இவை நிகழ்ந்தன. காங்கிரஸ் சமாசனத்தின் பக்கமே நின்றது.

1931ஆம் ஆண்டை இப்பின்னணியிலே நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த மகாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கமலாதேவி சட்டோபாத்யாய. உப்புச் சத்தியாக்கிரகத்திற் பங்குகொண்ட அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. பெண்கள் பொதுக் கூட்டங்களில் தோன்றுவதே அரிதாயிருந்த யாழ்ப்பாணத்தில், ஒரு பெண் நடுநாயகமாக வீற்றிருந்து ஆடவர்களுக்கு அரசியல் உரைத்தமை அக்கூட்டத்தின் தீர்மானத்தைவிடக் குறைந்த புரட்சியன்று. தீர்மானம் யாவரும் அறிந்ததே. டொனமூர்த் திட்டம் சுயராச்சியம் தரவில்லை; ஆதலால் அதன்கீழ் நடைபெறும் தேர்தலைப் பகிஷ்கரிக்கவேண்டும் என்பது. மே மாதம் 4ஆந் திகதி நியமனப் பத்திரம் கொடுக்கும் நாளில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்தாமும் முன்வரவில்லை. தென்னிலங்கைத் தலைவர்கள் வாயாற் பாராட்டிச் சபைக்குச் சென்றனர். நான்கு ஆசனங்களும் 1934 இடைத்தேர்தல்வரை வெறுமையாகவே கிடந்தன.

சபையிலே தமிழரின் குரல் இல்லாது போயிற்று என்பதே இப்பகிஷ்கரிப்பின்மேல் வழமையாகச் சுமத்தப்படும் குற்றம். இதனிலும் கூர்மையானதொரு கேள்வி உண்டு. அதுவரை நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேரளவினருக்கே வாக்குரிமை இருந்தது. சொத்தும் எழுத்தறிவும் உடையோரே வாக்காளர். டொனமூர்த் திட்டமோ இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்களித்தது. நிலத்திற் குந்தியிருக்க வைக்கப்பட்ட சாதியாரும், அடுப்படியைவிட்டு அகலாத பெண்ணும், பெருநிலக்காரரோடு ஒப்ப ஒரு வாக்கு உடையவராயினர். சேர். பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தமைக்குக் காரணமும் இதுவே. பந்தியிற் சமத்துவம் வேண்டிய காங்கிரஸ், அச்சமத்துவம் சட்டவடிவில் முதன்முதலாக வந்து நின்ற நாளில் அதனைப் பயன்படுத்தாதிருக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. முழு விடுதலை என்னும் கொள்கைப் பற்றினால் நேர்ந்த முடிவு அது. எனினும், அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், ஏற்கெனவே வாக்கு வைத்திருந்தவரினும் அன்றுதான் அதனைப் பெற்றவரே மிகுதியாகக் கொடுத்தனர். மேடையில் இருந்தோர் பெரும்பாலும் முதல் வகையினர்; அவ்வேறுபாடு அவர்களுக்குப் புலப்படாது போயிற்று என்றே கருதவேண்டியுள்ளது. 1934இன் பின்னர் இனவாரிப் பிரதிநிதித்துவமே அரசியலின் பேச்சாக மாற, வாலிபர் காங்கிரஸ் மெல்ல மெல்ல ஒளிகுன்றியது. பேரின்பநாயகம் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டையிற் போட்டியிட்டுத் தோற்றார்.

இவ்விடத்தில் ஒருவரைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். காங்கிரஸின் செழிப்பான ஆண்டுகளில் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தாராயினும், 1959இல் ஓய்வுபெற்றுக் கொழும்பிலிருந்து பகுத்தறிவுச் சங்கத்தை நடத்திய பின்னரே பேயோட்டலையும் சோதிடத்தையும் எதிர்த்துப் பெயர்பெற்றார். அவரது வழி வேறு. மதநம்பிக்கை பொய்யென நிறுவினால் மனிதன் விடுதலையாவான் என அவர் கருதினார். வாலிபர் காங்கிரஸோ கடவுள் உண்டா என்னும் வினாவைத் தொடாமலே, சைவரையும் கிறிஸ்தவரையும் ஒருங்கிருத்தினால் மனிதநேயம் தானே வளரும் என நம்பியது. யாழ்ப்பாணத்தின் நோய் நம்பிக்கையைவிட வழக்கத்திலேயே மிகுதியாக வேரூன்றியிருந்ததால், பின்னதே இவ்வூருக்கு ஏற்ற மருந்தென எனக்குத் தோன்றுகிறது. கடவுளை நம்பாத சாதிமான்களை யாழ்ப்பாணம் நன்கறியும்.

ஆனால் மருந்தின் அளவு போதவில்லை. காங்கிரஸின் பந்திக்கு ஒடுக்கப்பட்டோர் அழைக்கப்பட்டனர்; அழைப்பவர் வேறு, அழைக்கப்படுபவர் வேறு என்னும் நிலை மாறவில்லை. தம் கூட்டத்தைத் தாமே கூட்டுவதற்கு அவர்கள் தமக்கெனச் சங்கங்களை அமைக்கவேண்டியதாயிற்று. சிறுபான்மைத் தமிழர் மகாசபை அவ்வாறு எழுந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னும் தேநீர்க் கடைகளில் தனிக் குவளையும் கோயில்களில் மூடிய கதவும் இருந்தன. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் தீர்மானங்களை விடுத்து வாயில்களின் முன்னே சென்று நின்றன. அப்போராட்டங்களின் அநுபவம் கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்களிலே இலக்கியமாயிற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே கீரிமலைக்குச் செல்வோர் மாவிட்டபுரத்திலே திரும்புதல் வேண்டும். அத்திருப்பத்தில் உள்ளது கந்தசுவாமி கோயில். இருபதுகளில் காங்கிரஸ் மகாநாட்டுக்குச் சென்றோர் அக்கோபுரத்தைக் கடந்தே சென்றிருப்பர். 1968இல் அக்கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழைய உரிமை கோரி நின்றபோது, அவர்களைத் தடுத்து நின்றோர்க்குத் தலைமை வகித்தவர் கல்வியறிவற்ற ஒருவரல்லர். ஒக்ஸ்போர்ட்டிற் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராயிருந்து, சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையிலும் இடம்பெற்ற சி. சுந்தரலிங்கம்.