கழிவறைத் தொட்டி அடைப்பு: பாதுகாப்பாக நீக்கும் முறைகள்

கழிவறையில் ஊற்றிய நீர் இறங்காமல் தேங்கினால் தொட்டியைத் திறந்து ஓர் ஆளை உள்ளே இறக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இன்றும் உள்ளது. அந்த எண்ணம் உயிரைப் பறிக்கக்கூடியது. அடைப்பு பெரும்பாலும் கழிவறைக் கோப்பையிலோ குழாயிலோதான் இருக்கும். தொட்டியிலேயே இருந்தாலும் அதை மேலிருந்தபடியே இயந்திரத்தால் நீக்க முடியும். எந்த நிலையிலும் மனிதர் எவரும் தொட்டிக்குள் இறங்கத் தேவையில்லை.

அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டை போன்ற பேரூராட்சிப் பகுதிகளில் வீட்டுக் கழிவறைகள் செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுநீர்த் தொட்டியையோ உறை இறக்கிய குழியையோ நம்பியே இயங்குகின்றன. அத்தகைய வீடுகளில் வசிப்போர் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

தொட்டி எவ்வாறு இயங்குகிறது?

கழிவறையிலிருந்து வரும் கழிவு தொட்டியில் மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. கனமான கசடு அடியில் படிகிறது. எண்ணெயும் இலேசான பொருள்களும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் உள்ள நீர் அடுத்த அறைக்குச் சென்று, அங்கிருந்து உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்குகிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் கசடின் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. மீதி ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். எனவேதான் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை கசடை அகற்ற வேண்டும். சாணம், உப்பு, சந்தையில் விற்கும் பொடிகள் ஆகிய எதுவும் இப்பணிக்கு மாற்றாகாது.

அடைப்பு எங்கே உள்ளது?

பணியைத் தொடங்கும் முன் அடைப்பின் இடத்தைக் கண்டறிய வேண்டும். பின்வரும் அறிகுறிகள் அதற்கு உதவும்.

• ஒரு கழிவறையில் மட்டும் நீர் தேங்கி, மற்றவை சரியாக இயங்கினால், அடைப்பு அந்தக் கோப்பையின் வளைவுப் பகுதியில் உள்ளது.

• வீட்டின் எல்லாக் கழிவறைகளிலும் நீர் மெதுவாக இறங்கினால், வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள ஆய்வுக்குழியின் மூடியைத் திறந்து, முகத்தைக் குனிக்காமல் சற்று விலகி நின்று பார்க்கவும். குழி காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கக் குழாயில் உள்ளது. குழி நிரம்பியிருந்தால் அடைப்பு தொட்டிக்குச் செல்லும் குழாயில் உள்ளது, அல்லது தொட்டியே நிறைந்துவிட்டது.

• கசடு அகற்றிய சில நாள்களிலேயே தொட்டி மீண்டும் நிறைந்தால், பழுது தொட்டியில் இல்லை. உறிஞ்சுகுழி நீரை உறிஞ்சவில்லை என்பதே பொருள். ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் மண் நனைந்து நிலத்தடி நீர் உயரும்போது இந்நிலை ஏற்படுவது இயல்பு. மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கும்வரை நீர்ப் பயன்பாட்டைக் குறைப்பதும் குளியல், துவைப்பு நீரை வேறு வழியில் விடுவதும் பயன் தரும்.

நீங்களே செய்யக்கூடியவை

1. கழிவறையில் மேலும் நீர் ஊற்றுவதை நிறுத்தவும். நிரம்பிய கோப்பையில் மீண்டும் நீர் ஊற்றினால் மலநீர் தரையில் வழியும்.

2. முழங்கை வரை மறைக்கும் ரப்பர் கையுறையும் மூடிய காலணியும் அணியவும். கையில் காயம் உள்ளவர்கள் இப்பணியைச் செய்ய வேண்டாம்.

3. கோப்பையில் நீர் ஓரளவு வடிந்த பிறகு, ஒரு வாளி வெதுவெதுப்பான சோப்பு நீரை ஒரே வீச்சில் ஊற்றவும். கொதிக்கும் நீரை ஊற்றினால் பீங்கான் வெடிக்கும்.

4. பிளஞ்சர் எனப்படும் ரப்பர் கிண்ணத்தை வடிதுளையின் மேல் இறுகப் பொருத்தி, 15 முதல் 20 முறை அழுத்தி இழுக்கவும். கிண்ணம் நீருக்குள் மூழ்கியிருந்தால்தான் அழுத்தம் உண்டாகும். இந்தியக் கோப்பையிலும் இம்முறை பயன்படும்.

5. அதற்கும் இளகாத அடைப்புக்கு ஸ்பிரிங் கம்பி அல்லது முனை மழுங்கிய மூங்கில் பிளாச்சைப் பயன்படுத்தலாம். கூரிய இரும்புக் கம்பி கோப்பையையும் பிளாஸ்டிக் குழாயையும் உடைத்துவிடும்.

6. ஆய்வுக்குழிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள அடைப்பை, குழியின் பக்கத்திலிருந்து பிளாச்சைச் செலுத்தி நீக்கலாம். தரையில் நின்றபடியே செய்யவும். குழிக்குள் தலையை நுழைக்கக் கூடாது.

அரை மணி நேரம் முயன்றும் அடைப்பு நீங்காவிட்டால் நிறுத்திவிட்டு, பேரூராட்சி அலுவலகத்தையோ அனுபவமுள்ள குழாய்ப் பணியாளரையோ அணுகவும்.

செய்யக்கூடாதவை

• ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு வெளிப்படும். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என ஊற்றினாலும், நீர் தேங்கிய கோப்பையில் இரண்டும் கலந்துவிடும்.

• தொட்டிக்குள் ஆசிட் ஊற்றக் கூடாது. கசடில் உள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து நச்சு வாயு கிளம்பும். கசடைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளும் மடியும்.

• வாயு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தீக்குச்சி, மெழுகுவத்தி, எரியும் காகிதம் ஆகியவற்றைத் தொட்டிக்கு அருகில் கொண்டுசெல்லக் கூடாது. மீத்தேன் வெடிக்கும். சுடர் அணையாமல் எரிந்தாலும் நச்சு வாயு இல்லை என்று பொருளாகாது.

• தொட்டி மூடியை நீங்களே பெயர்த்தெடுக்க வேண்டாம். அதனை ஊர்தியுடன் வரும் பயிற்சி பெற்ற பணியாளர்களிடம் விட்டுவிடவும்.

தொட்டிக்குள் ஏன் இறங்கக் கூடாது?

கசடு சிதையும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் உருவாகின்றன. இவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடே மிகக் கொடியது. அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கியிருக்கும். கசடுக்குள் குமிழ்களாக அடைபட்டிருக்கும் வாயு, கழியால் கிளறும்போதோ காலால் மிதிக்கும்போதோ ஒரே நேரத்தில் வெளிப்படும். மூடியை நெடுநேரம் திறந்து வைத்திருந்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

இந்த வாயு சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 100 பங்கை எட்டும்போது மூக்கின் நுகரும் திறனையே அது முடக்கிவிடுகிறது. நாற்றம் போய்விட்டது என்று மனிதர் நம்பும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம். அளவு 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சுகளிலேயே நினைவிழந்து விழ நேரிடும். உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதை இந்த வாயு தடுத்துவிடுகிறது. உடல் வலிமையோ, பல ஆண்டு அனுபவமோ, முகத்தில் கட்டிய துண்டோ, சாதாரண முகக்கவசமோ இதிலிருந்து காக்காது.

கூடுதல் கூலி கொடுப்பதால் இந்த ஆபத்து குறைவதில்லை. இதற்கு முன் பலமுறை இறங்கியவர் என்பதும் உறுதியன்று. ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வொரு நாளிலும் வாயுவின் அளவு வேறுபடும்.

ஒருவர் தொட்டிக்குள் விழுந்துவிட்டால் அல்லது மயங்கினால்

இத்தகைய நிகழ்வுகளில் முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கிய மகனோ சகோதரரோ உடன் பணிபுரிந்தவரோ அடுத்தடுத்து உயிரிழப்பது உண்டு. எனவே பின்வருவனவற்றை நினைவில் கொள்ளவும்.

1. எவரும் பின்னால் இறங்க வேண்டாம். இறங்க முயல்வோரைத் தடுத்து நிறுத்தவும்.

2. உடனே 108 எண்ணிலும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிக்கு 101 எண்ணிலும் அழைக்கவும். தொட்டிக்குள் ஆள் மயங்கியுள்ளார் என்று தெளிவாகக் கூறவும். மீட்புக் குழுவினர் சுவாசக் கருவியுடன் வர இது உதவும்.

3. அவர் உடலில் ஏற்கெனவே கயிறு கட்டப்பட்டிருந்தால் மட்டும் மேலிருந்தபடியே இழுக்கவும்.

4. வெளியே எடுத்த பின் காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, நனைந்த உடைகளை அகற்றவும். மூச்சில்லையெனில் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தவும். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம்.

5. நினைவு திரும்பிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் அழைத்துச் செல்லவும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் ஏற்படலாம். தொட்டி வாயுவைச் சுவாசித்தவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்கவும்.

தொட்டி நிறைந்தால் செய்ய வேண்டியது

உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியை மட்டுமே அழைக்கவும். பேரூராட்சி அலுவலகத்திலோ 14420 என்ற உதவி எண்ணிலோ விவரம் பெறலாம். ஊர்தி வந்ததும் வீட்டு உரிமையாளர் கவனிக்க வேண்டியவை:

• பணியாளர்கள் கையுறை, காலுறை, முகக்கவசம் அணிந்துள்ளனரா என்று பார்க்கவும்.

• மூடி திறந்திருக்கும் நேரம் முழுவதும் குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்பால் வைக்கவும். அருகில் புகைபிடிக்கவோ அடுப்பு மூட்டவோ கூடாது.

• அடியில் இறுகிய கசடை நீர் பாய்ச்சி இளக்கி, உறிஞ்சுகுழாயால் எடுக்கச் சொல்லவும். குழாயில் உள்ள அடைப்புக்கு ஜெட்ராடிங் இயந்திரம் உள்ளது. ‘அடியில் கொஞ்சம் இருக்கிறது, ஆள் இறங்கினால் முடிந்துவிடும்’ என்று எவரேனும் கூறினால் பணியை நிறுத்திவிடவும். சிறிதளவு கசடு தங்குவதால் தீங்கில்லை. புதிய கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் அதில்தான் உள்ளன.

• கழிவு எங்கே கொண்டுசெல்லப்படுகிறது என்று கேட்கவும். அது அனுமதிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்துக்கே செல்ல வேண்டும்.

கசடு அகற்ற உகந்த காலம் மழைக்கு முந்தைய ஆடி, ஆவணி மாதங்கள். மழைக்காலத்தில் முழுவதும் காலி செய்தால், உயர்ந்த நிலத்தடி நீரின் அழுத்தத்தால் பிளாஸ்டிக் தொட்டிகள் மேலெழும்பக்கூடும், உறைகளும் விலகக்கூடும்.

கழிவைத் தோப்பில் கொட்டினால் என்ன?

சுத்திகரிக்காத கழிவை ஓடையிலோ ஏரிக்கரையிலோ முந்திரித் தோப்பிலோ விடுவது உரமாகும் என்று கருதக் கூடாது. அதில் உள்ள உருளைப்புழு முட்டைகள் மண்ணில் பல மாதங்கள், சில சூழல்களில் ஆண்டுகள்கூட உயிருடன் இருக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலில் நுழைகின்றன. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத் தோப்புகளில் உதிர்ந்த முந்திரிக்கொட்டைகளைப் பொறுக்கும் பெண்களும் சிறுவர்களுமே இதற்கு முதலில் ஆளாவர். தொடர்ந்து இரத்தம் உறிஞ்சும் இப்புழு இரத்தசோகையை உண்டாக்குகிறது. கருவுற்ற பெண்களுக்கு இது இரட்டைச் சுமை.

கழிவு பொங்கி வீட்டுக்குள் வந்தால்

வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை மலநீரால் பரவும். தரையில் பட்ட கழிவை அள்ளி அகற்றி, சோப்பு நீரால் கழுவவும். பிறகு 1 லிட்டர் நீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, 30 நிமிடம் கழித்துக் கழுவிவிடவும். தரைத்தொட்டியிலோ கிணற்றிலோ கழிவு கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அந்த நீரைக் குடிக்க வேண்டாம். சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவிக்கவும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இடைவெளி தேவை.

வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, காய்ச்சலுடன் கண்கள் மஞ்சளானாலோ, பணியின்போது காயம் ஏற்பட்டாலோ, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லவும். காயம் பட்டவர்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி தேவைப்படலாம்.

மீண்டும் அடைப்பு வராமல் தடுக்க

• நாப்கின், குழந்தைகளின் டயபர், துணி, முடி, பிளாஸ்டிக் உறை, சோறு, எண்ணெய் ஆகியவற்றைக் கழிவறையில் போடக் கூடாது. நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியே தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்கவும்.

• குழாய்க்குச் சுமார் 40 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரிவு அமைக்கவும். சரிவும் நீரும் குறைந்தால் கழிவு குழாயிலேயே தங்கிக் காய்ந்துவிடும்.

• தொட்டியின் மேல் தரை போட்டு மூடிவிடாமல், திறக்கக்கூடிய மூடியை விட்டு வைக்கவும்.

• காற்றுக்குழாயின் முனையில் கொசுவலை கட்டவும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு, கழிவுநீர்த் தொட்டிகளில் பெருகுகிறது.

சட்டம் கூறுவது

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணியில் ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டி அல்லது சாக்கடையைத் தூய்மை செய்ய அமர்த்துவதைக் குற்றமாக்கியுள்ளது. இது ஒப்பந்ததாரருக்கு மட்டுமின்றி வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும். முதல் முறை 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் 5 ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாக்கடைப் பணியில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு வழங்கும் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது.

அந்தத் தொகை எந்தக் குழந்தைக்கும் தந்தையைத் திருப்பித் தராது. கழிவறை ஒரு நாள் இயங்காமல் இருப்பது இடையூறு மட்டுமே. ஊர்தி வரும்வரை காத்திருக்கவும்.

நினைவில் கொள்ள வேண்டிய எண்கள்: கழிவுநீர்த் தொட்டிப் பணிக்கு 14420, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு மற்றும் மீட்பு 101.