பட்டியல் என்னும் காவலன்

சென்ற மாரிமழை ஓய்ந்த பின்னர் கிரானிலிருந்து எனக்கு ஒரு வன்தட்டு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் நெடுநாளைய நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். தம் தந்தையார் காலத்துக் காணி உறுதிகள், ஊர்க் கோயிலின் கணக்குக் கொப்பிகள், பழைய பாடசாலை இடாப்பின் சில பக்கங்கள், 1978 நவம்பர் சூறாவளிக்குத் தப்பிய திருமணப் படங்கள் ஆகியவற்றை அவர் பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒவ்வொன்றாக மின்வருடி வைத்திருந்தார். மூலத்தாள்களிற் பாதி பின்னர் வந்த வெள்ளமொன்றில் ஊறிக் கூழாகிவிட்டன. ஆகவே எஞ்சியிருப்பது இந்த வன்தட்டு மட்டுமே.

எண்ணிக்கை சரியாக இருந்தது. இத்தனை கோப்புகள் என்று அவர் கடிதத்தில் எழுதியிருந்தபடியே இருந்தன. ஆனால் திறந்து பார்த்தபோது மூன்று படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்று, ஒரு காணி உறுதியின் இரண்டாம் பக்கம். வடக்கெல்லை, கிழக்கெல்லை, தெற்கெல்லை, மேற்கெல்லை எழுதப்பட்டிருந்த பக்கம் அது. காணி உறுதியில் எல்லைப் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதைக் கிழக்கிலங்கை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எப்போது கெட்டது? வருடிய அன்றேயா, பழைய கணினியிலிருந்து மாற்றியபோதா, இந்த வன்தட்டிலா? நண்பரால் சொல்ல முடியவில்லை. "எண்ணிப் பார்த்துத்தானே அனுப்பினேன்" என்றார். அவர் செய்ததில் தவறில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த இடத்தில்தான் இக்கட்டுரை தொடங்குகிறது.

கிரானை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கே சென்றால் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்து வருவது கிரான். அதற்கப்பால் 1950களில் காகித ஆலை எழுந்த வாழைச்சேனை. பெருமழைக் காலத்தில் கிரான் பாலத்தின்மேல் வெள்ளம் பாய்ந்து, புலிபாய்ந்தகல் பக்கத்து மக்கள் படகில் வந்துபோன செய்திகளைப் பத்திரிகைகள் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. காகிதம் நெடுங்காலம் வாழ ஏற்ற நிலம் அன்று.

கிரானின் முகவரியைச் சற்றுக் கவனியுங்கள். கிழக்கு மாகாணம், அதற்குள் மட்டக்களப்பு மாவட்டம், அதற்குள் கோறளைப்பற்று தெற்கு, அதற்குள் கிரான். ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் இந்த ஒழுங்கைத்தான் கணினியாளர் அடைவு அடுக்கு என்கின்றனர். அடைவுக்குள் அடைவு, அதற்குள் கோப்பு. அந்த அடுக்கு முழுவதையும் எழுதி வைத்து, பின்னொரு நாளில் "அன்று இருந்தது போலவே இன்றும் இருக்கிறதா?" என்று சரிபார்க்க உதவும் பட்டியலின் வரலாறு, நாம் நினைப்பதைவிடப் பழையது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவருக்குப் போவோம். தாமும் தம் தமக்கையும் தேவியரும் பிறரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-11இல் ஆணையிட்டான். அக்கல்வெட்டுகளைக் கொடைப் பெருமையின் பதிவாகவே பலரும் வாசிப்பர். ஒரு கணக்காயரின் கண்ணோடு வாசித்தால் வேறொன்று தெரியும். பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான், மணிகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன் என்று எந்த அளவையால் நிறுத்தார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் அணியில் எத்தனை முத்து, அவற்றுள் எவை உருண்டவை, எவை தோலிடிந்தவை என்பதும் உண்டு. நிறுத்தபோது உள்ளிருந்த அரக்கும் சேர்த்தே எடை என்ற குறிப்பும் உண்டு. செப்புத் திருமேனிகளுக்கு உயரம் முழத்திலும் விரலிலும், கைகள் எத்தனை என்பதோடு.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? எண்ணிக்கை மட்டும் எழுதியிருந்தால், நல்ல முத்தை எடுத்துவிட்டுச் சொத்தை முத்தை வைத்தாலும் கணக்குச் சரியாகவே வரும். எடையும் இயல்பும் அளவுகோலும் எழுதப்பட்டிருப்பதால், நூறாண்டு கழித்து வரும் ஒருவனும் அதே கல்லால் நிறுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியலும் இருக்கிறது. எந்தத் தளிச்சேரி, அதில் எந்தச் சிறகு, அந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அவ்வீட்டில் யார் என்று இறங்கிச் செல்லும் பட்டியல். அடைவு, உள்ளடைவு, கோப்பு என்று இன்று எழுதுவதற்கும் அதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை.

இலங்கையில் இதற்கு இன்னொரு பெயர் தோம்பு. சொல் போர்த்துக்கீசருடையது. அதைத் தொடர்ந்தவர்கள் ஒல்லாந்தர். காணித் தோம்பு நிலத்தையும், தலைத் தோம்பு குடும்பத்தையும் ஊர்வாரியாக எழுதின. வரி வாங்குவதற்காக எழுதப்பட்டவைதாம். ஆயினும் எழுதியவனின் நோக்கம் மறைந்த பின்னரும் பட்டியல் நின்று, வேறொரு தலைமுறையின் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கும் தோம்புகளை இன்று புரட்டுவோர் வரலாற்று மாணவர்கள்.

நிற்க. கணினிக்கு வருவோம்.

யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஒரு கிளை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்தது. அங்கிருந்து 1990இல் வெளிவந்த 'ரினோ' பதிப்பில் 'எம்ட்ரீ' என்றொரு சிறு கருவி சேர்ந்தது. அது ஓர் அடைவைத் தலைமுதல் அடிவரை நடந்து பார்த்து, கண்டதையெல்லாம் ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதும். ஒரு வரிக்கு ஒரு பொருள். பெயர், வகை, உரிமையாளர், அளவு, கடைசியாக மாறிய நேரம் முதலியன. அடைவின் பெயர் வந்தால் உள்ளே நுழைகிறோம் என்று பொருள். இரட்டைப் புள்ளி வந்தால் வெளியே வருகிறோம் என்று பொருள். பின்னொரு நாள் அதே பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பினால், மீண்டும் நடந்து பார்த்து மூன்று வகைச் செய்தி கொண்டுவரும்: இது இல்லை, இது புதிதாக வந்திருக்கிறது, இது மாறியிருக்கிறது. தஞ்சைக் கணக்காயரும் இவற்றைத்தான் கேட்டிருப்பார்.

இங்கே எடைக்கல்லாக நிற்பது ஒரு கணக்கு. கோப்பில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் ஒரு சூத்திரத்தினூடே செலுத்தினால் இறுதியில் ஒரு குறுகிய எண் கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ரொனால்ட் ரிவெஸ்ட் 1991இல் வகுத்த எம்டி5 நெடுங்காலம் பலரின் எடைக்கல்லாக இருந்தது. 2004இல் சீனப் பேராசிரியை வாங் சியாவ்யுனும் அவர் குழுவினரும், வெவ்வேறான இரண்டு உள்ளீடுகளுக்கு ஒரே எம்டி5 எண் வரச்செய்து காட்டினர். 2017இல் ஷா-1 என்னும் முறைக்கும் அதே கதி நேர்ந்தது. தற்செயலாகக் கெடும் கோப்பைக் கண்டுபிடிக்க எம்டி5 இன்றும் போதும். வேண்டுமென்றே ஏமாற்ற வருபவனைப் பிடிக்கப் போதாது. ஆகவே ஷா-256 என்பதே இப்போது பெரும்பாலோர் கைக்கொள்ளும் கல். கல் தேய்ந்தால் கல்லை மாற்ற வேண்டும். அதனாற்றான் எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதைப் பட்டியலிலேயே எழுதுகிறார்கள்.

பட்டியலை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. 1992இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், யூஜின் ஸ்பாஃபர்ட் ஆகிய இருவரும் 'டிரிப்வயர்' என்னும் கருவியை எழுதினர். கணினிக்குள் புகுந்து கோப்புகளை மாற்றிச் செல்பவர்களைக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. பட்டியலை எழுத முடியாத ஊடகத்தில் வையுங்கள் என்பது அவர்கள் வற்புறுத்திய பாடம். பெட்டகத்தை மாற்றியவனே பட்டியலையும் மாற்ற முடியுமானால் அந்தப் பட்டியலால் பயனில்லை. தஞ்சையில் அதைச் சுவரில் வெட்டியதன் காரணமும் விளங்குகிறது.

பின்னர் நூலகர்கள் இத்துறைக்கு வந்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கலிபோர்னிய மின்னூலகமும் தமக்குள் பெருந்தொகைக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள 2007-08 காலத்தில் 'பேக்இட்' என்ற ஒழுங்கை வகுத்தன. 2018இல் அது ஆர்எஃப்சி 8493 என்ற எண்ணோடு இணையத்தின் முறைசார் ஆவணமாக வெளியாயிற்று. பெயருக்கேற்ப அது ஒரு பை. பைக்குள் பொருள்கள் ஓரடைவில் இருக்கும். அருகே ஒரு வெறும் எழுத்துக் கோப்பில், ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணும் அது இருக்கும் பாதையும் வரிக்கு ஒன்றாக இருக்கும். இன்னொரு கோப்பில், விரைவுப் பார்வைக்காக, ஒரு புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்களை எழுதலாம். முதலாவது மொத்தப் பைட்டுகள், இரண்டாவது கோப்புகளின் எண்ணிக்கை. என் நண்பர் எண்ணிப் பார்த்தது அந்த இரண்டாவது எண்ணை மட்டும்.

இத்தனையும் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கருவி மறைந்தாலும், அதைச் செய்த நிறுவனம் மறைந்தாலும், பட்டியலை மனிதக் கண் வாசிக்கலாம். தாளில் அச்சிட்டும் வைக்கலாம்.

ஆனால் தமிழருக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. அதை நானே பட்டு அறிந்தேன். நண்பரின் மகள் ரொறன்ரோவில் இருக்கிறார். தந்தை முன்பு கொடுத்த இறுவட்டொன்றின் பிரதி அவரிடம் இருந்தது. அதைத் தம் பழைய மாக் கணினியிலிருந்து சுருக்கி இணையவழி அனுப்பினார். இளம் நண்பர் ஒருவரின் துணையோடு இரு தொகுதிகளையும் ஒப்பிட்டேன். கிரான் என்ற அடைவு பொருந்தியது. கோறளைப்பற்று என்ற அடைவை "இல்லை" என்றது கணினி. அடுத்த வரியிலேயே, கோறளைப்பற்று என்ற "புதிய" அடைவு ஒன்று இருப்பதாகவும் சொன்னது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

காரணம் 'கோ'. யுனிகோட்டில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். பழைய மாக் கணினிகளின் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே எழுதியது. மற்ற கணினிகளில் நாம் தட்டச்சிடுவது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கொழும்பும் திருகோணமலையும் இதில் அகப்படும். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் தப்பும். கிரானும் தப்பும். பேக்இட் ஆவணமே இந்தச் சிக்கலை எச்சரிக்கிறது. எம்ட்ரீயோ ஆங்கில விசைப்பலகைக்கு வெளியே உள்ள எழுத்துகளைப் பின்சாய்கோடும் மூன்றிலக்க எண்ணுமாகவே எழுதச் சொல்கிறது. கிரான் என்ற மூன்றெழுத்து அங்கே எழுபத்திரண்டு குறிகளாக நீள்கிறது. மனிதக் கண் வாசிக்கும் பட்டியல் என்று சற்று முன் சொன்னேன். தமிழ்க் கண்ணுக்கு அந்தச் சலுகை முழுமையாக இல்லை.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இதற்கொரு நடைமுறை விடை இருக்கிறது. அங்கே நூலுக்கு ஓர் எண். நூறு எண்களுக்கு ஓர் அடைவு, அதற்குள் நூலின் எண்ணில் ஓரடைவு, அதற்குள் அதே எண்ணில் கோப்பு. தமிழ்ப் பெயர் பட்டியலில் இருக்கும். பாதையில் எண் மட்டும் இருக்கும். வீட்டு ஆவணங்களை வருடுவோருக்கும் இதையே சொல்வேன்.

1981 மே 31 இரவில் தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தொண்ணூற்றேழாயிரம் என்ற எண்ணைச் சொல்கிறோம். நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். கோப்புகளை எண்ணியதோடு நின்றுவிட்ட நண்பரைப் பற்றி எழுதும்போது அந்த எண் எனக்குள் உறுத்துகிறது. எண் துயரத்தின் அளவைச் சொல்லும். எந்த ஏடு, எந்தப் பதிப்பு, அதன் இன்னொரு பிரதி உலகில் எங்கே என்று தேடத் தொடங்குபவனுக்கு எண் உதவாது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லும் பட்டியல்தான் உதவும்.

கிரான் வன்தட்டின் கதைக்கு முடிவு இது. ரொறன்ரோப் பிரதியிலிருந்து கெட்ட படங்களில் இரண்டு மீண்டன. எல்லைப் பக்கம் அங்கேயும் சாம்பலாகவே இருந்தது. அதாவது இறுவட்டு எழுதப்படுமுன்பே அது கெட்டிருக்கிறது. அன்றே ஒரு பட்டியல் இருந்து, யாரேனும் ஒருமுறை சரிபார்த்திருந்தால், அப்போது மூலத்தாளை மீண்டும் வருடியிருக்கலாம். வெள்ளம் அதன் பின்னர்தான் வந்தது.

இப்போது எல்லாவற்றுக்கும் எண்ணிட்டு, ஷா-256 பட்டியல் எழுதியாயிற்று. பிரதிகள் கிரானிலும் ரொறன்ரோவிலும் என்னிடமும் இருக்கின்றன. பட்டியலின் தாள் அச்சு ஒன்றும் தனியே இருக்கிறது. தைப்பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிப்பிறப்புக்கு ஒருமுறை மூவரும் சரிபார்ப்பதென்று பேசிக்கொண்டோம். எல்லைப் பக்கத்துக்கும் ஓர் எண் கொடுத்து, "மூலமும் படியும் இழக்கப்பட்டன" என்று குறித்திருக்கிறோம். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரியாவது இருக்கட்டும்.